இடது காலுக்கு ஓய்வு!
(பழைய காரில் ஆட்டோமேட்டிக் கியர் மாட்ட முடியுமா?)

இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டது கார் பற்றிய ஒரு அறிவியல் கட்டுரை. "கார் எல்லாம் பசங்க சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடாதீர்கள். நாம் படிக்கிற பாஸ்கல் விதி, உராய்வு, வெப்பம் எல்லாமே இதில் வருகிறது.

முன்னுரை

அம்பாசிடர் காரைத் தெரியாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. ஆனாலும் சில ஊர்களில் இன்னும் ஓடுகிறது. பழைய அம்பாசிடரில் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க ஒரு கார்புரேட்டர், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் கம்பி, கீழே மூன்று பெடல் இருக்கும். வலது கால் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்ளும். இடது காலுக்கு ஒரே வேலைதான், அது கிளட்ச்.

அந்த இடது காலால் அழுத்த முடியாதவர் என்ன செய்வார்? இதுதான் என் கேள்வி.

எங்கள் சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இடது கால் மெலிந்துவிட்டது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் போவார். தாத்தா ஓட்டிய அம்பாசிடர் வீட்டு வாசலில் நிற்கிறது. "எனக்கு ஓட்டத் தெரியாம இல்ல பாப்பா, அந்த ஒரு பெடல்தான் விட மாட்டேங்குது" என்பார். இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாத பகுதி என்று 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இனி வரும் குழந்தைகளுக்கு அது நல்ல செய்தி. ஆனால் முன்பே பாதிக்கப்பட்ட பெரியவர்கள் நம் நடுவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வண்டி ஓட்ட ஆசை இருக்குமில்லையா?

கிளட்ச் எதற்கு?

வண்டி நிற்கும்போதும் என்ஜின் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அது நின்றால் வண்டி 'ஆஃப்' ஆகிவிட்டது என்று அர்த்தம். சக்கரம் நிற்க வேண்டும், என்ஜின் ஓட வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்கணும்னா நடுவில் ஒரு பிரிப்பு வேண்டும். அதுதான் கிளட்ச். என்ஜினின் பின்னால் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றுகிறது. அதன் மேல் கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கிறது. உராய்வினால் இரண்டும் சேர்ந்து சுற்றும். பெடலை மிதித்தால் ஸ்பிரிங் விலகும், பிளேட் தனியாகிவிடும். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் இப்படிப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும். பஸ் டிரைவர் அண்ணன்களைக் கவனித்துப் பாருங்கள், டவுனுக்குள் இடது கால் சும்மாவே இருக்காது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், கியர் மாற்றுவதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று காலின் வேலை, அதாவது பிரித்துச் சேர்ப்பது. இன்னொன்று மூளையின் வேலை. "இப்போ மேடு வருது, மூணாவதுக்கு இறக்கணும்" என்று முடிவெடுப்பது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் இந்த இரண்டையும் தானே செய்ய வேண்டும். எப்படிச் செய்கிறது?

காலின் வேலையை எண்ணெய் செய்கிறது

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போடுங்கள். அந்தக் காற்று பட்டு இன்னொன்றும் மெதுவாகச் சுற்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பியும் இல்லை, பல்லும் இல்லை. காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரண்டு விசிறியையும் ஒரே கூட்டுக்குள் மூடிவிட்டால் அதுதான் டார்க் கன்வெர்ட்டர். என்ஜின் ஒரு விசிறியைச் சுற்றும். அது தள்ளுகிற எண்ணெய், கியர் பாக்ஸோடு இணைந்த மறு விசிறியைச் சுற்றும். நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சின்ன விசிறி இருக்கிறது. திரும்பி வரும் எண்ணெயைச் சரியான பக்கம் திருப்பிவிடுவது அதன் வேலை. அதனால் வண்டி கிளம்பும் நேரத்தில் சுழற்று விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கிடைக்கும்.

வண்டி நிற்கும்போது என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, எண்ணெயின் தள்ளலும் குறைவு. பிரேக்கைப் பிடித்தால் வண்டி நின்றுவிடும், என்ஜின் ஆஃப் ஆகாது. காலால் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

 உங்களுக்குத் தெரியுமா?  எண்ணெய் மூலம் சுழற்சியைக் கடத்தும் இந்த முறைக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபொட்டிங்கர். அவர் இதைக் கண்டுபிடித்தது காருக்காக அல்ல, கப்பலுக்காக! முழு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை முதலில் பெரிய அளவில் தயாரித்து விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். 'ஹைட்ராமேட்டிக்' என்ற அந்தக் கியர் பாக்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்தது.

சூரியனும் கோள்களும்

சாதாரணக் கியர் பாக்ஸில் ஒரு கியரை விலக்கி இன்னொன்றைச் சேர்க்கிறோம். ஆட்டோமேட்டிக்கில் பற்கள் எப்போதும் கோத்தபடியே இருக்கும். நடுவில் ஒரு சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோள் பல்சக்கரங்கள், எல்லாவற்றையும் சுற்றி உள்பக்கம் பல் வைத்த வளையம். இதில் எதைப் பிடித்து நிறுத்துகிறோமோ அதைப் பொறுத்துக் கியர் மாறும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். சூரியனுக்கு 30 பல், வளையத்துக்கு 60 பல் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சூரியனைச் சுற்றினால், கோள்களைத் தாங்கும் சட்டம் 1 + 60/30 = 3, அதாவது சூரியன் மூன்று சுற்று சுற்றினால் ஒரு சுற்று சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்கு, விசை மூன்று மடங்கு. இது மேடு ஏறுவதற்கான கியர். எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டால் ஒன்றுக்கு ஒன்று. அது டாப் கியர்.

பிடிப்பதும் பூட்டுவதும் எண்ணெய் அழுத்தத்தால் நடக்கிறது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் ஒரு இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதிதான் இங்கே வேலை செய்கிறது. என்ஜின் சுற்றும்போது ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தும். அந்த அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் உள்ளே இருக்கிற பிளேட்டுகளையும் பட்டையையும் இறுக்கும்.

மூளையின் வேலையைச் செய்வது யார்?

இங்கேதான் கார்புரேட்டர் வருகிறது. கட்டுரையில் இதுதான் முக்கியமான பகுதி. தயவுசெய்து பொறுமையாகப் படிக்கவும்.

விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். கியர் பாக்ஸுக்குள்ளும் அதே மாதிரி ஒரு போட்டி நடக்கிறது. ஒரு சின்ன வால்வின் ஒரு பக்கம் 'வேகம்' தள்ளும். வெளியே போகும் தண்டோடு கவர்னர் என்ற எடை சுற்றுகிறது. வண்டி வேகம் கூடக் கூட அது அனுப்பும் எண்ணெய் அழுத்தமும் கூடும். வால்வின் மறுபக்கம் 'ஆக்சிலேட்டர்' தள்ளும். டிரைவர் எவ்வளவு மிதித்தாரோ அவ்வளவு அழுத்தம். வேகம் ஜெயித்தால் மேல் கியர். ஆக்சிலேட்டர் ஜெயித்தால் அதே கியரில் இருக்கும், அல்லது கீழே இறங்கும். அதனால்தான் மேட்டில் நன்றாக மிதித்தால் தானாகவே கியர் இறங்குகிறது.

சரி, டிரைவர் எவ்வளவு மிதித்தார் என்று கியர் பாக்ஸுக்கு யார் சொல்வது? இப்போது வரும் கார்களில் கம்ப்யூட்டர் சொல்கிறது. கார்புரேட்டர் வைத்த வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது. கார்புரேட்டரின் லீவரிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் கியர் பாக்ஸ் வரைக்கும் போகும். சில வகைகளில் கேபிளுக்குப் பதில், என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தை அளக்கும் ரப்பர் குழாய் போகும்.

ஒரு கேபிள்தானே என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது. அந்தக் கேபிள் தொளதொளவென்று இருந்தால், டிரைவர் முழுசாக மிதித்தாலும் "அவர் லேசாகத்தான் மிதிக்கிறார்" என்று கியர் பாக்ஸ் நினைத்துக்கொள்ளும். எண்ணெய் அழுத்தத்தைக் குறைவாகவே வைக்கும். என்ஜினோ முழு பலத்தையும் அனுப்புகிறது. இறுக்கம் போதாமல் உள்ளே பிளேட்டுகள் வழுக்கும், உராயும், சூடேறும், கடைசியில் கருகும். எண்ணெய் பழுப்பாகித் தீய்ந்த வாடை வந்தால் அதுதான் அடையாளம். கேபிள் அளவுக்கு மேல் இறுகியிருந்தால் கியர் தாமதமாக, குலுக்கலோடு விழும். பெரிய கியர் பாக்ஸின் உயிர் அந்தச் சின்னக் கம்பியில் இருக்கிறது.

அம்பாசிடருக்கு ஏற்ற ஆட்டோமேட்டிக் உண்டா?

இங்கே ஒரு ஆச்சரியம். அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரின் மறுபிறப்பு. அதன் 1489 சி.சி. என்ஜின் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி-சீரிஸ்' குடும்பம். அதே குடும்பத்து 1622 சி.சி. என்ஜினோடு 1961இல் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 6 காரில், வேண்டும் என்றால் 'போர்க் வார்னர் 35' என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கை வாங்கிக்கொள்ளலாம். அதே குடும்பத்து 1.8 லிட்டர் என்ஜின் வைத்த எம்.ஜி.பி. காரிலும் 1967 முதல் 1973 வரை அது கிடைத்தது. அந்தக் கியர் பாக்ஸும் கார்புரேட்டரிலிருந்து கேபிள் வாங்குவதுதான். ஆக, நம் அம்பாசிடரின் அண்ணன் தம்பிகள் 60 வருடத்துக்கு முன்பே கிளட்ச் பெடல் இல்லாமல் ஓடியிருக்கிறார்கள்!

மாட்டும் முறை

ஒர்க் ஷாப்பில் இதைச் செய்வதானால் வேலைகள் இவை:

1. கியர் பாக்ஸோடு அதன் சின்னச் சின்னப் பாகங்கள் எல்லாம் ஒரே பழைய வண்டியிலிருந்து கிடைப்பது நல்லது. என்ஜினில் உள்ள போல்ட் ஓட்டைகளும் கியர் பாக்ஸ் ஓட்டைகளும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நடுவில் தகடு செய்து வைக்கணும்.

2. கனமான ஃப்ளைவீல், கிளட்ச் இரண்டையும் கழற்றிவிட்டு மெல்லிய டிரைவ் பிளேட் மாட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் கோக்கும் பல் வளையம் சரியான இடத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

3. டார்க் கன்வெர்ட்டரில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, கியர் பாக்ஸ் பம்பில் முழுதாக உட்காரும் வரை சுற்றிச் சுற்றி உள்ளே தள்ள வேண்டும். பாதி உட்கார்ந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் பம்ப் உடைந்துவிடும்.

4. கியர் பாக்ஸின் நீளம் மாறுவதால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்த வேண்டும். பின் சக்கரத்துக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டையும் வெட்டியோ நீட்டியோ, அதிராமல் இருக்க பேலன்ஸ் செய்ய வேண்டும்.

5. எண்ணெய்க்குக் குளிர்ச்சி வேண்டும். விசிறிகளுக்கு நடுவில் எண்ணெய் அலைவதால் வெப்பம் உண்டாகிறது. இரண்டு குழாய் வைத்து ரேடியேட்டருக்கோ, தனியான ஆயில் கூலருக்கோ கொண்டுபோக வேண்டும். நம்ம ஊர் வெயிலில் இதை விட்டுவிடவே கூடாது.

6. கிளட்ச் பெடலையும் அதன் இணைப்புகளையும் எடுத்துவிட வேண்டும். கியர் கம்பியைப் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்ற இடங்களுக்குச் சரியாக நிற்கும்படி இணைக்க வேண்டும்.

7. பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். இது இல்லையென்றால் டிரைவில் இருக்கும்போது சாவியைத் திருப்பியதும் வண்டி பாய்ந்துவிடும். எதிரே யாராவது நின்றால்? எவ்வளவு ஆபத்து!

8. ஸ்பீடாமீட்டர் கேபிளைப் புதிய கியர் பாக்ஸோடு சேர்த்து, காட்டும் வேகம் சரியா என்று சோதிக்க வேண்டும்.

9. எந்த எண்ணெய் என்று கியர் பாக்ஸ் செய்தவர்கள் சொன்னார்களோ அதையே ஊற்ற வேண்டும். என்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது, பார்க்கில் வைத்து அளவு பார்க்க வேண்டும்.

10. கடைசியாக கார்புரேட்டர். டிரைவில் போட்டதும் என்ஜின் மேல் சுமை ஏறும், அதனால் ஐடிலிங் கொஞ்சம் சரி செய்யணும். குறைவாக வைத்தால் சிக்னலில் ஆஃப் ஆகும், அதிகமாக வைத்தால் பிரேக்கை மீறி வண்டி ஊர்ந்து போகும். பிறகு அந்தக் கேபிள்! கால் எடுத்த நிலையில் தளர்வு இல்லாமலும், முழுசாக மிதித்தால் முழுசாக இழுபடும்படியும் வைத்து, எண்ணெய் அழுத்தத்தை கேஜ் வைத்து அளந்து பார்ப்பதுதான் சரியான முறை.

லாபமும் நஷ்டமும்

பழைய அம்பாசிடர் என்ஜினின் பலம் சுமார் 50 குதிரைத் திறன்தான். அதில் ஒரு பகுதி எண்ணெயை அலைப்பதிலேயே போய்விடும். நான்கு கியர் இருந்த இடத்தில் மூன்றுதான் இருக்கும். எனவே வண்டி மந்தமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்வோமே, பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் அது முடியாது. என்ஜின் ஓடினால்தான் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் அழுத்தம் வரும். பின் சக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் கட்டி இழுத்துப் போவதும் கூடாது, உள்ளே எண்ணெய் போகாமல் தேய்ந்துவிடும். இதற்கெல்லாம் மேலே, அந்தப் பழைய இங்கிலாந்துக் கியர் பாக்ஸ் நம் பக்கம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

"அப்போ ஏதாவது புதுக் காரின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை மாட்டினால் என்ன?" என்று கேட்கலாம். அது கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு வேலை செய்வது. கார்புரேட்டரோடு அதற்குப் பேசத் தெரியாது. தனியாக ஒரு கம்ப்யூட்டரும், ஆக்சிலேட்டர் அளவைச் சொல்லும் சென்சாரும் வைத்தால்தான் நடக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இஷ்டத்துக்கு வண்டியை மாற்ற முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆனால் மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்காக வண்டியை மாற்றியமைக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. முன்பு அப்படிப்பட்ட வண்டிக்கு 'இன்வேலிட் கேரேஜ்' என்று பெயர். இயலாதவர் வண்டி என்று அர்த்தம். 2019இல் வந்த சட்டத் திருத்தம் அதை எடுத்துவிட்டு 'அடாப்டட் வெஹிக்கிள்', அதாவது மாற்றியமைத்த வாகனம் என்று பெயர் வைத்தது. குறை மனிதரிடம் இல்லை, மாற வேண்டியது வண்டிதான் என்று அந்தப் பெயரே சொல்வது போல எனக்குத் தோன்றுகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி கேட்டுப் பதிவு செய்துகொண்டுதான் ஓட்ட வேண்டும்.

வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது! முதலில் இரண்டு வேலை என்று பிரித்தோமே, நினைவிருக்கிறதா? காலின் வேலை, மூளையின் வேலை. இடது கால் பலமில்லாத ஒருவருக்கு முதல் வேலைதான் கஷ்டம். கியர் எப்போ மாற்றணும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும், கையாலும் மாற்ற முடியும். அப்படியென்றால் முழுக் கியர் பாக்ஸையும் ஏன் மாற்ற வேண்டும்? கிளட்ச்சை மட்டும் வேறு ஒன்று அழுத்தினால் போதுமே!

என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தாலோ, மின் மோட்டாராலோ கிளட்ச்சை இழுக்கும் கருவிகள் இருக்கின்றன. 1968 மாடலிலேயே ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் 'ஆட்டோமேட்டிக் ஸ்டிக்ஷிஃப்ட்' என்று ஒன்று வந்தது. டிரைவர் கியர் கம்பியைத் தொட்டதும் ஒரு சுவிட்ச் வேலை செய்து, வெற்றிடம் கிளட்ச்சைப் பிரித்துவிடும். 2014இல் இந்தியாவில் மாருதி சுசுகி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி.யும் இந்த யோசனையின் பிள்ளைதான். உள்ளே இருப்பது சாதாரணக் கியர் பாக்ஸ், சாதாரணக் கிளட்ச். அவற்றை இயக்குவது மட்டும் கருவி.

முடிவுரை

ஆகவே, பழைய கார்புரேட்டர் வண்டியில் ஆட்டோமேட்டிக் கியர் மாட்ட முடியுமா என்றால், முடியும். இங்கிலாந்தில் அதே குடும்பத்து என்ஜினோடு தொழிற்சாலையிலிருந்தே வந்திருக்கிறது. ஆனால் அதற்கு எண்ணெய், குளிர்ச்சி, சுவிட்ச், ஷாஃப்ட் எல்லாம் மாற வேண்டும். அந்த ஒரு கேபிள் சரியில்லை என்றால் அத்தனையும் வீண். எங்கள் சித்தப்பாவின் வண்டிக்கு நான் சொல்லும் யோசனை வேறு. கியர் பாக்ஸ் அப்படியே இருக்கட்டும். கிளட்ச்சை இழுக்கும் கருவி மட்டும் போதும், அதுவும் ஆர்.டி.ஓ. அனுமதியோடு. தடையாக இருப்பது எது என்று சரியாகக் கண்டுபிடித்தால், மாற்ற வேண்டியது கொஞ்சமாகத்தான் இருக்கும். கணக்குப் போடுவதிலும் இதே கதைதான்!

கண்டுபிடியுங்கள்

1. சூரியப் பல்சக்கரத்துக்கு 24 பல், வளையத்துக்கு 72 பல். வளையத்தை நிறுத்திச் சூரியனைச் சுற்றினால் எத்தனை மடங்கு விசை கிடைக்கும்?
2. ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாதது ஏன்? (விடை மேலேயே இருக்கிறது.)
3. கேபிள் தளர்வாக இருந்தால் பிளேட் கருகுவது ஏன்? 'உராய்வு' என்ற சொல் வரும்படி இரண்டு வரியில் எழுதுக.

விடைகளை ஒரு தாளில் எழுதி ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பெட்டியில் போடவும். சரியான விடை எழுதியவர்களின் பெயர் அடுத்த மாதத் தாளில் வரும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி